முடிவுக்குப் புள்ளியா, வாதத்துக்குப் புள்ளியா?
உயர்தர மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடுவது பற்றிச் சில குறிப்புகள்

க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கான ஆய்வுக் கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவர்களில் ஒருவராக இருந்தேன். வந்த கட்டுரைகளை வாசித்து முடித்தபோது, பிள்ளைகளின் எழுத்தைப் பற்றிச் சொல்ல இருப்பதை விட, அந்த எழுத்துக்குப் புள்ளி போடுகிற எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதே கூட என்று பட்டது.

எங்கள் கையில் தந்த புள்ளித் திட்டம் இது: மொழிநடைக்கு 30, உள்ளடக்கத்துக்கு 40, சமூகப் பயன்பாட்டுக்கு 20, உசாத்துணைப் பட்டியலுக்கு 10. போட்டியோ வாதமுறை ஆய்வுக் கட்டுரைக்கானது. அப்படியிருந்தும், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது, அதற்கு மாணவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதற்கு ஒரு புள்ளி கூட ஒதுக்கப்படவில்லை. பேச்சுப் போட்டியின் அளவுகோலைக் கொண்டுவந்து ஆய்வுக் கட்டுரையில் வைத்து அளக்கிற வேலைதான் நடந்தது.

தலைப்பு பெரும்பாலும் ஒன்றே: இலங்கைச் சோனகரின் பூர்வீகம். இந்த விவாதத்தின் வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததுதான். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். மொழி, வரலாறு, வழக்காறு, உடற்தோற்றம் ஆகியவற்றை வைத்து, சோனகர் இனத்தால் தமிழர்களே என்பது அவருடைய வாதம். அடுத்த வருடமே, 1889இல், சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது, எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். இராமநாதனுக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஒரு முழு நூலாகவே மறுப்பு எழுதினார்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தலைப்புக் கிடையாது. இரண்டு தரப்பும் எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் எடுத்து வைத்து நிறுக்கலாம். ஆனால் வந்த கட்டுரைகளில் பலவும் நிறுக்கவில்லை. தராசின் ஒரு தட்டைக் கழற்றி வைத்துவிட்டு மற்றத் தட்டை மட்டும் தூக்கிக் காட்டின.

முதலாவது குறை, ஆளைக் கொண்டு வாதத்தைத் தள்ளுவது. 1915 கலவரத்தின் பின் இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காகக் குரல் கொடுத்தார் என்பதைக் காட்டி, ஆகவே அவர் 1888இல் எழுதியது பிழை என்று பல பிள்ளைகள் முடித்திருந்தார்கள். இருபத்தேழு வருடம் கழித்து நடந்த ஒன்று, முன்னர் எழுதிய கட்டுரையின் தர்க்கத்தை எப்படிப் பிழையாக்கும்? பரிசளிப்பு நாளில் இதை ஒரு மாணவனிடம் சொன்னேன். அவன் விடவில்லை. “சேர், ஹதீஸ்ல ராவி ஆருன்டு பாத்துத்தானே எடுக்கிறோம்? அப்ப இவர் ஆருன்டு ஏன் பாக்கக் கூடாது?” என்று கேட்டான்.

கட்டுரையில் இல்லாத கெட்டித்தனம் அந்தக் கேள்வியில் இருந்தது. உடனே எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில்தான் பிடிபட்டது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரைப் பார்க்கிறார்கள் என்றால், அங்கே நமக்கு வந்து சேர்வது ஒரு செய்தி. “நான் கேட்டேன்” என்று ஒருவர் சொல்கிறார். அதை நாம் போய்ப் பார்க்க முடியாது. ஆகவே சொன்னவரின் நேர்மையும் ஞாபகசக்தியும்தான் ஆதாரம். வாதம் அப்படியல்ல. “இவர்களுடைய மொழி தமிழ், ஆகவே இவர்கள் தமிழர்” என்பதில் முதற்பாதி எல்லோருக்கும் தெரிந்த விடயம். மறுபாதி ஒரு முடிவு. அந்த முடிவு தொடருகிறதா இல்லையா என்பதை, சொன்னவர் நல்லவரா கெட்டவரா என்று தெரியாமலே பரீட்சித்துப் பார்க்கலாம். செய்திக்கு ஆளைப் பார். வாதத்துக்கு வாதத்தைப் பார். இந்த ஒரு வேறுபாட்டை வகுப்பில் சொல்லிக் கொடுத்தாலே பாதிக் கட்டுரைகள் திருந்திவிடும்.

இரண்டாவது குறை இதன் மறுபக்கம். ஆளையும் வழியையும் பார்க்க வேண்டிய இடத்தில் பிள்ளைகள் பார்க்கவில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமைக்குத் தப்பிய ஹாஷிம் குலத்தார் இலங்கையில் வந்து குடியேறினார்கள் என்பது அநேகமாக எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. இதற்கு அடிக்கடி காட்டப்படும் எழுத்து மூலம், இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் வெளியிட்ட குறிப்பு. ஜோன்ஸ்டன் அதை நடந்த வரலாறு என்று உறுதி சொல்லவில்லை. அந்தச் சந்ததியாரிடையே வழங்கும் மரபுச் செய்தி என்றுதான் எழுதினார். இடையில் பதினொரு நூற்றாண்டு. இஸ்னாதின் அருமையைப் பேசுகிற நாம், இங்கே சங்கிலி எங்கே என்று கேட்பதில்லை. “மரபாகச் சொல்லப்படுகிறது” என்ற இரண்டு சொல்லைப் பிள்ளை விட்டுவிடுகிறது. உள்ளடக்கத்துக்கான 40இல் நாம் 35ஐப் போட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, சொல்லின் அளவு. சித்திலெப்பையைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை, 1885இல் வந்த ‘அசன்பே சரித்திரம்’ தான் முதல் தமிழ் நாவல் என்றது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இலேயே வந்துவிட்டது. இலங்கையர் எழுதிய முதல் தமிழ் நாவல் என்று போட்டிருந்தால் அந்த வசனம் நிமிர்ந்து நின்றிருக்கும். பெருமையைக் கொஞ்சம் கூட்டப் போய், உள்ள பெருமையும் கேள்விக்குள்ளாகிறது. சிவப்பு மையால் சுழிக்க வேண்டிய இடம் இது. ஒரு நடுவர் பக்கத்தில் “சிறப்பு” என்று எழுதியிருந்தார்.

இனி, இதை எழுதத் தூண்டிய கட்டுரைக்கு வருகிறேன். எழுதியவர் ஒரு மாணவி. எழுத்துப் பிழை நிறைய. றகர ரகரம் மாறிக் கிடந்தது. வசனங்கள் பேச்சில் போவது போலப் போயின. முதல் வாசிப்பில் நானும் மொழிநடைக்கு 12 போட்டு, நடுத்தரம் என்று கட்டின் அடியில் வைத்துவிட்டேன். மறுவாசிப்பில்தான் அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று விளங்கியது.

அவருடைய வாதம் சுருக்கமாக இது. மொழி இனத்துக்குச் சான்றாகாது என்பது அஸீஸின் பதில். வியாபாரத் தேவையால் ஒரு சமூகம் இன்னொரு மொழியை எடுத்துக்கொள்ள முடியும். சரி, ஏற்றுக்கொள்வோம் என்கிறார் மாணவி. ஆனால் அதே விதியை நம் பக்கமும் வைக்க வேண்டும். தமிழ் பேசுவது நம்மைத் தமிழர் ஆக்காதென்றால், நம் பேச்சில் அறபுச் சொற்கள் கலந்திருப்பதும் நம்மை அறபிகள் ஆக்காது. இராமநாதனை வெட்டுகிற கத்தி நம்மையும் வெட்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு படி மேலே போகிறார். ஆதித் தகப்பன் ஆர் என்ற கேள்வியும், 1889இல் தனி ஆசனம் கேட்க உரிமை இருந்ததா என்ற கேள்வியும் இரண்டு வேறு கேள்விகள். உரிமை கேட்பதற்கு ஒரு சமூகம் இன்று சமூகமாக வாழ்வது போதும். அரேபியாவிலிருந்து அத்தாட்சி கொண்டுவரத் தேவையில்லை. இராமநாதனும் அஸீஸும் எதிரெதிராக நின்றாலும், உரிமையை வம்சத்தோடு கட்டியதில் இருவரும் ஒன்றுதான் என்று முடிக்கிறார்.

இந்த முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இனத்தை அடிப்படையாக வைத்தே குடியேற்ற ஆட்சி ஆசனம் பங்கிட்ட காலத்தில், வம்சத்தைப் பேசாமல் உரிமையைப் பேச அஸீஸுக்கு வழி இருந்ததா என்பது அந்தக் கட்டுரை கேட்காத கேள்வி. ஆனாலும் வந்தவற்றில் எதிர்த்தரப்பையும் தன் தரப்பையும் ஒரே கோலால் அளந்த கட்டுரை அது ஒன்றுதான். நான் முன்பு போட்ட புள்ளியை வெட்டிவிட்டு முதலிடத்துக்குச் சிபாரிசு செய்தேன்.

நடுவர் கூட்டத்தில் ஏற்கவில்லை. “எங்கட வேரையே வெட்டுற கட்டுரைக்கு நாங்களே பரிசு குடுக்கிறதா?” என்று ஒருவர் கேட்டார். சமூகப் பயன்பாட்டுக்கான 20இல் அந்தக் கட்டுரைக்கு 3 விழுந்தது. பரிசு, ஒரு சந்திப் பிழையும் இல்லாமல், ஒரு கேள்வியும் இல்லாமல் எழுதப்பட்ட இன்னொரு கட்டுரைக்குப் போனது.

அந்த நண்பரின் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. சோனகரின் அடையாளத்தை மறுக்கும் பேச்சு இந்த நாட்டில் வெறும் ஏட்டு விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் 1907இல் அஸீஸ் செய்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். இராமநாதனின் கட்டுரையை மறைக்கவோ, வாசிக்க வேண்டாம் என்று சொல்லவோ அவர் முயலவில்லை. கூற்றுக் கூற்றாக எடுத்து வைத்துப் பதில் எழுதினார். பதில் எழுதத் தெரிந்தவரை உருவாக்குவதுதான் சமூகப் பயன்பாடு என்றால், 3 புள்ளி வாங்கிய மாணவிதான் அஸீஸின் வழியில் நிற்கிறார். புகழ் மட்டும் எழுதப் பழகிய பிள்ளை, நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் எதிர்க் கேள்வி வந்ததும் வாயடைத்து நிற்கும்.

இது நமக்குப் புதிய பாடமுமல்ல. தமிழ் பாடம் எடுக்கும் பிள்ளைகள் அறிந்த நன்னூலே எழுவகை மதங்களை எண்ணும்போது உடன்படலை முதலில் வைத்து, மறுத்தலை இரண்டாவதாகத்தான் வைக்கிறது. பிறர் கொள்கையை ஏற்பதுபோல எடுத்துப் பின்னர் களைவதைத் தனி ஒரு வகையாகவே சொல்கிறது. எதை ஒப்புக்கொள்கிறோம் என்று சொல்லத் தெரியாதவனின் மறுப்பில் பலமில்லை.

ஆகவே அடுத்த முறைக்கு என் யோசனை இது. எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லிப் பதில் அளித்ததற்கு 30. ஆதாரங்களைக் கையாண்டதற்கு, அதாவது எது செய்தி, எது மரபு, எது ஆய்வாளரின் கருத்து என்று பிரித்துக் காட்டியதற்கு 30. முடிவு, காட்டிய ஆதாரத்தின் அளவுக்குள் நிற்கிறதா என்பதற்கு 20. மொழிக்கு 10, அலங்காரத்துக்கல்ல, விளக்கத்துக்கு. மிச்சம் 10 நேர்முகத்துக்கு. பத்து நிமிசம் பிள்ளையை இருத்திக் கதைக்க வேண்டும். இணையத்தில் இறக்கியதா, டியூஷன் மாஸ்டர் எழுதிக் கொடுத்ததா, இயந்திரம் எழுதியதா என்பது அந்தப் பத்து நிமிசத்தில் தெரிந்துவிடும். ராவியைப் பற்றிக் கேட்ட அந்த மாணவனைப் போன்றவர்களுக்கு உரிய புள்ளியும் அங்கேதான் கிடைக்கும்.

சமூகப் பயன்பாடு என்ற தலைப்பை நான் வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். நல்ல வாதம் எழுதப் பழகுவதே பயன்தான். அதற்கு மேல் இன்ன முடிவுக்கு இத்தனை புள்ளி என்று விலை பேசினால், பிள்ளைகள் அந்த முடிவைத்தான் எழுதித் தருவார்கள், ஆய்வு எழுத மாட்டார்கள்.

அந்த மாணவியின் கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டபோது, விதிமுறைப்படி மொத்தப் புள்ளி மட்டுமே அதில் இருந்தது. ஏன் என்று ஒரு வரியும் இல்லை. எழுத்துப் பிழைக்காகத்தான் தோற்றேன் என்று அவர் நினைத்துக்கொண்டால் கவலையில்லை, அதைத் திருத்திக்கொள்ளலாம். நினைத்ததை எழுதியதற்காகத் தோற்றேன் என்று விளங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கணக்கில் என் கையெழுத்தும் இருக்கிறது.