ஐந்து நிமிடப் பேய்

குறும் அனிமே கைபேசிக் காலத்துக் குழந்தை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1961-இலேயே ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த ‘இன்ஸ்டன்ட் ஹிஸ்டரி’ மூன்று நிமிடத் தொடர்தான். அரை மணி நேர வழக்கம் 1963-இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ வந்த பிறகு வேரூன்றியது. எனவே குறுமையை நவீன அவசரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

2013-இல் டிவி டோக்கியோவில் தொடங்கிய ‘யாமிஷிபாய்’ என்ற பேய்க்கதைத் தொடரைப் பார்க்கலாம். ஓர் அத்தியாயம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மரச்சட்டத்தில் படத்தாள்களைச் செருகி, ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லும் ‘கமிஷிபாய்’ தெருக்கலையின் சாயல் இதற்கு. உருவங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவை போலிருக்கும். உதடு அசைவதே அபூர்வம். முதல் அத்தியாயத்தில் ஒருவன் புது வீட்டுக்குக் குடிவருகிறான். மேலே கூரையில் ஒரு மந்திரச் சீட்டு. எதிர்க் கட்டடத்தில் ஒரு பெண் இவனையே பார்த்தபடி நிற்கிறாள். முகம் அசையாததால் அந்தப் பார்வை அடிவயிற்றைக் கலக்குகிறது. சிக்கனமான வரைதல் இங்கே குறையாகத் தெரியவில்லை, பயமே அதில்தான் இருக்கிறது. முழுநீளத் தொடரில் இந்த அசைவின்மையை எவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அந்த மனிதன் யார்? அவனுக்கு என்ன ஆனாலும் நமக்கு வலிப்பதில்லை. 2007-இல் வந்த ‘மோனோனோகே’ தொடரில் மருந்து விற்பவன் பேயின் உருவம், அதன் பின்னுள்ள உண்மை, அதன் மனக்காரணம் மூன்றையும் அறியாமல் வாளை உருவ முடியாது. அதற்காகவே ஒரு கதை இரண்டு மூன்று அத்தியாயங்கள் நீளும். முடிவில் பேய்க்காகவே மனம் கசியும். ‘யாமிஷிபாய்’ பெரும்பாலும் உருவத்தோடு நின்றுவிடுகிறது.

நேரமில்லை என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. இயக்குநர் மகோதோ ஷின்காய் ஏறக்குறையத் தனி ஆளாக 1999-இல் உருவாக்கிய ‘அவளும் அவள் பூனையும்’ படமும் ஐந்து நிமிடந்தான், அதுவும் கறுப்பு வெள்ளையில். நீண்ட நேரம் தொலைபேசியில் பேசிவிட்டு அவள் அழுகிறாள். ஏன் என்று பூனைக்குத் தெரியாது. கதை சொல்வது பூனை என்பதால் நமக்கும் தெரியாது. சொல்ல நேரமில்லாததைச் சொல்ல முடியாததாக மாற்றிவிட்டார் ஷின்காய். அவள் பெயர்கூடத் தெரியாத நமக்கு அவள் அழுகை கனக்கிறது.

ஆக, குறுமை தனிப்படத்துக்குப் பலம். தொடராகும்போதுதான் ஆபத்து: ஆளும் இடமும் மாறினாலும், கடைசி நொடியில் திடுக்கிட வைக்கும் முகம் அதேதான். ஐந்தாறு கதைக்குள் அது எப்போது வரும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம். ‘யாமிஷிபாய்’ முதல் பருவத்தின் 13 கதைகளையும் ஒரே இரவில் பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம். வாரத்துக்கு ஒன்று என்றுதான் அது ஒளிபரப்பானது. அந்த இடைவெளி கொடுத்துப் பார்ப்பவருக்கே அது பயம் தரும்.