‘தலைகீழ்’ என்னும் சொல்லும் பத்துமலை வௌவாலும்

தமிழில் உயிரியல் எழுதுவோர் பெரிதும் விரும்பி ஆளும் சொற்களுள் ‘தலைகீழ்’ என்பது ஒன்று. வௌவால் தலைகீழாகத் தொங்குகிறது. குகையில் உணவுச் சங்கிலி தலைகீழாகிறது. உடல் பெருக்க இதயத் துடிப்பு தலைகீழ் விகிதத்தில் குறைகிறது என்பர். மூன்றும் ஒன்றுபோல் ஒலிப்பினும் ஒன்றல்ல. முதலாவது சரி, இரண்டாவது தவறு, மூன்றாவது பாதி சரி. சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பத்துமலையின் 272 படிகளை ஏறுவோர், கோயிற் குகைக்குச் சற்றுக் கீழே உள்ள இருட்குகையை எண்ணிப் பார்த்தாலே போதும்.

முதலில் தொங்குதலைக் காண்போம். மனிதன் கிளையைப் பற்றித் தொங்கினால் சிறிது நேரத்தில் கை சோரும். பிடியை விடாதிருக்க அவன் உழைக்க வேண்டும். வௌவாலுக்கோ அதன் உடற்பாரமே கால் தசைநாண்களை இழுத்து நகங்களை மடக்கிப் பூட்டிவிடுகிறது. உறங்கினாலும் பிடி தளராது. பிடியை விடுவதற்குத்தான் தசை வேலை செய்ய வேண்டும். இங்கே நிலையும் தலைகீழ்; உழைப்பும் தலைகீழ். சொல் பொருளோடு பொருந்துகிறது.

அடுத்து உணவு. இருட்குகையின் உள்ளே வெயிலும் இல்லை, பசுஞ்செடியும் இல்லை. வௌவால் எச்சத்தைக் கரப்பான் முதலிய பூச்சிகள் உண்கின்றன. அவற்றைச் சிலந்திகள் பிடிக்கின்றன. உணவு மண்ணிலிருந்து எழாமல் கூரையிலிருந்து விழுவது கண்டு ‘தலைகீழ்ச் சங்கிலி’ என்று எழுதுவது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆயின் அந்த எச்சம் எங்கிருந்து வந்தது? ஸ்டார்ட், மார்ஷல் ஆகிய இருவர் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. பத்துமலையின் தேன் வௌவால்கள் இரவில் வெளியே பறந்து, டுரியான் பூக்களிலும் கடலோரச் சதுப்புக் காட்டுப் பெரெம்பாங் பூக்களிலும் தேனுண்டு, மகரந்தமும் சேர்க்கின்றன. ஆகவே சங்கிலியின் முதற் கண்ணி இங்கும் பசுந்தாவரமே. அது குகைக்கு வெளியே இருக்கிறது, அவ்வளவே. இது வெறும் சொற்பூசல் அன்று. குகையைத் தனியுலகம் என்று நம்புவோர் அதன் வாயிலைக் காத்தால் போதும் என்றிருப்பர். கடலோரக் காடு அழிந்தால் குகை பட்டினி கிடக்கும் என்பதையும், குகை வெறுமையானால் டுரியான் காய்ப்புக் குன்றும் என்பதையும் அவர்கள் காணார்.

மூன்றாவது, அளவு பற்றியது. சுண்டெலியின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 600 முறை துடிக்கிறது. யானையின் இதயம் 30 முறை. ஒன்று கூட மற்றது குறைகிறது என்பது உண்மை. ஆயின் ‘தலைகீழ் விகிதம்’ என்றால், எடை இரு மடங்காகும்போது துடிப்பு சரிபாதியாக வேண்டும். 20 கிராம் சுண்டெலியினும் 4,000 கிலோ யானை 2 இலட்சம் மடங்கு பெரிது. அக்கணக்குப்படி யானையின் இதயம் ஐந்து மணி நேரத்திற்கு ஒரு முறைகூடத் துடிக்காது! எடை 16 மடங்கானால்தான் துடிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பதே பாலூட்டிகளிடம் பொதுவாகக் காணப்படும் நெறி. சிற்றுயிர்க்குச் சிறு வாழ்நாள் என்னும் பொது நெறியையோ வௌவாலே மீறுகிறது. ஏறத்தாழ 7 கிராம் எடையுள்ள பிராண்ட் வௌவால் ஒன்று சைபீரியாவில் 41 ஆண்டு வாழ்ந்தது பதிவாகியுள்ளது.

ஆதலின் நிலையைக் குறிக்கத் ‘தலைகீழ்’ இருக்கட்டும். ஒன்று கூட மற்றது குறைவதை ‘எதிர்த் தொடர்பு’ என்க. இரண்டன் பெருக்கற்பலன் மாறாதிருக்கும் இடத்தில் மட்டுமே ‘எதிர்விகிதம்’ என்க. தமிழில் அறிவியல் சொல்ல இயலாது என்பார்க்குத் தக்க விடை, இருக்கும் சொற்களை அளந்து ஆள்வதே.