புதன்கிழமை மூன்று மணி

2021 ஜூன் 1 அன்று மலேசியாவில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. நாடு தழுவிய முழு அடைப்பு தொடங்கியது. டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் அன்றுதான் இங்கே கடை திறந்தது. அடுத்த வாரம், ஜூன் 9 புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மார்வெலின் 'லோக்கி' தொடரின் முதல் அத்தியாயம் வந்தது. வேறு காலமாக இருந்தால் அன்றிரவு பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாமாக் கடை மேசைகளில் தே தாரிக் ஆறிப் போகும்வரை அந்த அத்தியாயத்தைப் பிரித்து மேய்ந்திருப்பார்கள். உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லாத காலம் அது. பேச்சு முழுவதும் கைப்பேசிக்குள் போனது. அத்தியாயம் முடிந்த நிமிடமே கருத்துச் சொல்லிவிடும் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. தொடர் ஓடிய அந்த ஆறு வாரங்களில் அது வீட்டுக்குள் அடைபட்டவர்களின் அன்றாடமாகவே ஆகிப்போனது. அதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. அது கூர்மையான ஒரு வாசிப்புப் பழக்கம். ஆனால் கதை முடியும் முன்பே தீர்ப்பை எழுதிவிடும் அவசரமும் அதனுள்ளேயே இருக்கிறது. அந்த அவசரம் எதையெல்லாம் பார்க்கவிடாமல் செய்கிறது என்பதை நாம் இன்னும் சரியாகக் கணக்கெடுக்கவில்லை.

முதலில் அதன் பலம். அதே ஆண்டு வந்த மார்வெலின் 'வாண்டாவிஷன்' தொடரின் பெரும்பாலான அத்தியாயங்கள் அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் தோற்றத்தைக் காலவரிசையில் போட்டுக் காட்டின. 1950களின் கறுப்பு வெள்ளையில் தொடங்கிய கதை, வாரத்துக்கு வாரம் உடையையும் நிறத்தையும் சிரிப்பொலியையும் மாற்றிக்கொண்டே வந்தது. நடுவில் போலி விளம்பரங்கள் வந்தன. முதல் விளம்பரத்தில் ஸ்டார்க் நிறுவனத்தின் ரொட்டி வாட்டும் கருவி. அதன் விளக்கு மட்டும் சிவப்பாக மினுக்கும். சிறுவயதில் நாயகி வாண்டாவின் வீட்டில் விழுந்து வெடிக்காமல் கிடந்த ஸ்டார்க் குண்டின் நினைவு அது என்று ரசிகர்கள் சொன்னார்கள். ஒரு நொடிச் சிவப்பைப் பிடித்து நிறுத்தி, அதை ஒரு பெண்ணின் பழைய காயத்தோடு இணைத்துப் பார்த்தது சாதாரணக் கவனம் இல்லை. செய்யுளின் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்ட உரையாசிரியர்களின் மரபு நமக்குப் பழக்கமானது. கேள்வியின் தரம் வேறாக இருக்கலாம், கேட்கும் முறை ஒன்றுதான். வாரம் ஒன்று என்ற இடைவெளியும் நமக்குப் புதிதில்லை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் தொடராக வந்தபோது வாசகர்கள் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்த விவாதம் ஓயவில்லை. காத்திருப்பும் ஊகமும் ஒரு கதையை வாசகர் மனத்தில் இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கின்றன. ஒரே இரவில் மொத்தத் தொடரையும் விழுங்கி முடிப்பவர்களுக்கு இது கிடைக்காது.

பழுது தொடங்கும் இடமும் ஊகம்தான். 'வாண்டாவிஷன்' ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவில், வாண்டாவின் இறந்துபோன இரட்டைச் சகோதரன் பியட்ரோ வாசலில் வந்து நிற்கிறான். முகம் மட்டும் வேறு. எக்ஸ்-மென் படங்களில் அதே பாத்திரத்தில் நடித்த இவான் பீட்டர்ஸின் முகம். இரண்டு திரையுலகங்கள் கலக்கப் போகின்றன என்று ஒரு கோட்டையே கட்டிவிட்டார்கள். இன்னொரு பக்கம், மெபிஸ்டோ என்ற சாத்தான்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறான் என்றும் வாராவாரம் சாட்சிகள் திரண்டன. கடைசியில் சாத்தான் வரவில்லை. வந்த சகோதரனும் அந்த ஊரில் வாழ்ந்த ஒரு சாதாரண ஆள் என்று தெரிந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்ற குரல் உரத்து எழுந்தது. தொடர் அப்படியொரு வாக்கைத் தந்ததா? தெரிந்த முகத்தை வேண்டுமென்றே நிறுத்தி ஆசை காட்டியது உண்மை. அந்தக் குறும்புக்குத் தயாரிப்பாளர்கள் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனால் மெபிஸ்டோ ரசிகர்கள் தாங்களே அழைத்த விருந்தாளி. அவன் வரவில்லை என்ற கோபத்தில், காதலனை இழந்த பெண் துக்கம் தாளாமல் ஓர் ஊரையே தன் கனவுக்குள் அடைத்து வைத்த கதை பாதிப் பேரின் கண்ணில் படாமலே போனது.

இந்த இடத்தில் மலேசியா தற்செயலாக ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. 'வாண்டாவிஷன்' 2021 ஜனவரி 15 முதல் மார்ச் 5 வரை வெளியானது; அந்தச் சேவை அப்போது நம் நாட்டில் இல்லை. ஜூனில் அதிகாரபூர்வமாக இங்கே பார்த்தவர்களுக்கு ஒன்பது அத்தியாயமும் ஒரே கட்டாகக் கிடைத்தன. வாரக் காத்திருப்பு இல்லை, ஊகம் கெட்டிப்பட நேரமும் இல்லை. அப்படிப் பார்க்கும்போது பியட்ரோவின் வருகை ஒரு பெருத்த வாக்குறுதியாகத் தோன்றாது. சகோதரனின் முகம்கூட மங்கத் தொடங்கிவிட்ட சகோதரியின் மனநிலையாகத் தோன்றவே வாய்ப்பு அதிகம். ஒரே படைப்புதான். நடுவில் நின்ற ஏழு நாள் பேச்சு அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

ஊகம் பொய்க்கும்போது மட்டும்தான் கேடு என்றும் சொல்ல முடியாது. 'லோக்கி'யில் அது பலித்தது. காமிக்ஸ் படித்தவர்கள் காங் என்ற வில்லனின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஜூலை 14 அன்று வந்த ஆறாம் அத்தியாயத்தில் அவனுடைய ஒரு வடிவமே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. 'நாங்கள் சொன்னோமே' என்ற வெற்றிக்களிப்பு பேச்சை நிறைத்தது. அந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி ஒரே அறையில் மூன்று பேர் பேசுவது: இந்தக் கிழவனைக் கொன்றால் எல்லாக் காலங்களும் கட்டவிழும், கொல்லாவிட்டால் யாருக்கும் சுயவிருப்பம் இருக்காது. சூப்பர்ஹீரோ தொடரொன்று சண்டையை ஒதுக்கிவிட்டு ஓர் அறக்கேள்வியை இவ்வளவு நேரம் பேசவிட்டது அபூர்வம். விடை சரியாக வந்த மகிழ்ச்சியில் கேள்வியை மறந்துவிட்டோம்.

முதல் உணர்வுதான் நேர்மையானது, ஆறவிட்டால் அதில் அடுத்தவன் கருத்து கலந்துவிடும் என்று வாதிடுபவர்கள் உண்டு. நாடகம் பார்த்தவன் அங்கேயே கைதட்டுகிறான், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டா தட்டுகிறான்? இது வலுவான வாதம்தான். ஆனால் இன்றைய உடனடிக் கருத்து அவ்வளவு தனியாகப் பிறப்பதில்லை. புதன்கிழமை மூன்று மணி என்பது இங்கே வேலை நேரம். கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்குவதற்குள், யார் செத்தார், யார் வந்தார், அதற்கு எப்படி அதிர்ச்சி அடைய வேண்டும் என்பது வரை கைப்பேசி சொல்லிக்கொடுத்துவிடும். அதன் பிறகு வீட்டில் பார்க்கும்போது எழுவதை முதல் உணர்வு என்று சொல்வது கடினம். நாடகக் கொட்டகையில் பக்கத்து இருக்கைக்காரனும் நம்மோடு சேர்ந்துதான் பார்க்கிறான். இங்கே அவன் பார்த்துவிட்டு வந்து நமக்குப் பாடம் எடுக்கிறான்.

மார்வெலை விட நமக்கு நெருக்கமான ஒரு சூப்பர்ஹீரோ கூட்டம் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே பிறந்தது. 2009இல் தொடங்கப்பட்ட அனிமோன்ஸ்தா நிறுவனத்தின் 'போபோய்பாய்' 2011 மார்ச் 13 அன்று டிவி3இல் முதன்முதலாக ஒளிபரப்பானது. மூன்று பருவங்கள், 52 அத்தியாயங்கள், 2016லும் 2019லும் இரண்டு திரைப்படங்கள், 'கேலக்ஸி' என்ற தொடர்ச்சி, பிறகு காமிக்ஸ் என்று கதை வளர்ந்தது. போபோய்பாயின் நண்பர்கள் யாயா, யிங், கோபால். கோபால் நம் பையன். எதிரி எறிந்த பொருளை நோக்கிக் கைநீட்டி 'துக்காரான் மக்கானான்!' என்று கத்துவான், அது தின்பண்டமாகிவிடும். தோக் ஆபாவின் கொக்கோ கடையில் அவன் கணக்கில் கடன் ஏறிக்கொண்டே இருக்கும். பயம் வந்தால் முதலில் ஓடுபவனும் அவன்தான். 'டேய்' என்று அவன் கூப்பிடுவதைத் தமிழ் தெரியாத பிள்ளைகளும் சொல்லிச் சிரித்தார்கள்.

இந்தக் கோபாலைப் பற்றிய உடனடிக் கருத்து இரண்டே வகையில் அடங்கிவிடுகிறது. திரையில் நம் பிள்ளைக்கும் ஒரு வல்லமை கிடைத்ததே என்ற பெருமை ஒன்று. இந்தியப் பையன் என்றால் சாப்பாட்டு ராமனும் கோழையுமா என்ற மனத்தாங்கல் இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒற்றைக் காட்சியிலிருந்து எழுபவை. தனி அத்தியாயத்தில் கோபால் கோமாளியாகத்தான் தெரிவான். நீளமாகப் பார்த்தால் வேறு கேள்விகள் எழும். அணுக்களையே மாற்றக்கூடிய ஆற்றலைக் கதை ஏன் முதலில் உணவுக்குள் அடைத்தது? அது பின்னால் விரியும்போது அவன் குணமும் கூடவே விரிகிறதா, அல்லது ஆற்றல் மட்டும் வளர்ந்து சிரிப்பு அப்படியே நிற்கிறதா? ஓடியவன் திரும்பி வரும் தருணங்களுக்குக் கதை எவ்வளவு இடம் தருகிறது? புதன்கிழமை மாலைக்குள் விடை சொல்லக்கூடிய கேள்விகள் இல்லை இவை.

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். 2011இல் எட்டு வயதில் பார்த்தவர்கள் இன்று இருபதைத் தாண்டிவிட்டார்கள். மலாய், சீன வகுப்புத் தோழர்கள் இந்தியப் பையன் ஒருவனை வாராவாரம் வீட்டுத் திரையில் சந்தித்த கதைகளில் இதுவும் ஒன்று. அந்தச் சந்திப்பு எப்படிப்பட்டது என்று அறிய முற்படுவது அதிகப்படியான வேலை ஆகாது.

எனக்குள்ள பெரிய குறை வேகத்தைப் பற்றியதுகூட இல்லை, மொழியைப் பற்றியது. ரஜினி படத்துக்குத் தமிழில் பேசுகிறோம். சூப்பர்ஹீரோ தொடர் என்றால் ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் தாவிவிடுகிறோம். கோபாலைப் பற்றிய மனத்தாங்கலைக்கூட அவனுடைய 'டேய்'க்குச் சொந்தமான மொழியில் எழுதுவது அரிதாகவே நடக்கிறது. இத்தனைக்கும் இந்த மண்ணில் ரசனையைப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பிறகு 'தமிழ் முரசு' நாளிதழில் சுப. நாராயணன் 'ரசனை வகுப்பு' நடத்தினார். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்த வாசகர், ஒரு கதை தனக்கு ஏன் பிடித்தது, எங்கே இடறியது என்பதைத் தாளில் எழுத வேண்டியிருந்தது. எழுதியதைத் தபாலில் சேர்க்க வேண்டியிருந்தது. அஞ்சல் பெட்டிவரை நடக்கும் தூரத்தில் பிடிக்கவில்லை என்பதற்குக் காரணம் தேட அவகாசம் கிடைத்திருக்கும். இன்று நிமிடத்தில் சட்டகத்தை நிறுத்திச் சிவப்பு விளக்கைக் கண்டுபிடிக்கும் கண் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. தொடர் முடிந்து ஒரு மாதம் கழித்து அதே கண்ணோடு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, தமிழில் இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் அவர்கள் எழுதுவார்கள் என்று நம்புகிறேன். 'போபோய்பாய்' 52 அத்தியாயங்களிலிருந்தே தொடங்கலாம். கோபால் பயந்து ஓடிய இடங்கள் எத்தனை, பயத்தோடு நின்ற இடங்கள் எத்தனை என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினால் போதும்.