வில்லசைவும் ஏட்டுச் சுரமும்

இசையை ஏட்டில் எழுதலாம். அதன் உயிரை எழுத இயலுமா? ஸ்காட்லாந்தின் மரபுவழிப் பிடில் இசையைத் திறனாய்வார் முதற்கண் விடை காண வேண்டிய வினா இதுவே. பிடில் என்பது வயலினே. கருவி ஒன்று, வாசிப்பு மரபே வேறு.

அம்மரபின் தனிச்சிறப்பு 'ஸ்திராத்ஸ்பே' என்னும் ஆடலிசை. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரால் வழங்குவது. நான்கு தட்டுக் கொண்டது. இதில் குறுகிய சுரமொன்று அழுத்தம் பெற்று முன்னிற்க, நீண்ட சுரம் அதனைத் தொடரும். 'பலா', 'கனா' எனக் குறிலும் நெடிலும் இணைந்து வரும் நிரையசையை நினைவிற் கொண்டால் நம் மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும். இவ்வெட்டோசையை ஏடு காட்டும். எத்துணைக் குறுக்குவது, எவ்வளவு அழுத்துவது என்பதை வில்லேந்திய கையே அறியும்.

அக்கைத்திறத்தின் முன்னோடி நீல் கௌ (1727–1807). டங்கெல்டு நகரையடுத்த இன்வர் சிற்றூரினர். நெசவுத் தொழில் பயின்றவர். அத்தோல் கோமக்களின் ஆதரவு பெற்றவர். வில் மேலேறும்போது ஒலி மெலிவது இயல்பு. அவர் கையிலோ அது வலிமை பெற்றது.

எடின்பரோவில் யான் கேட்ட இசை மாலையில், 1805இல் இரண்டாம் மனைவியை இழந்த கௌ இயற்றிய இரங்கற்பண் முதலில் ஒலித்தது. சொல்லொன்றும் இல்லை, மிகை அணியும் இல்லை. அரங்கம் மூச்சடங்கிக் கேட்டது. அஃது அவ்விரவின் வெற்றி.

பிற்பகுதியில் 'ரீல்' எனும் விரைந்த ஆடலிசை தொடங்கியதும் கைத்தட்டல் எழுந்தது. தட்டல் விரைய, வில்லும் விரைந்தது. அடுத்து வந்த ஸ்திராத்ஸ்பேயும் அவ்வேகத்திற் சிக்கிற்று. குறுஞ்சுரம் தன் அழுத்தத்தை இழக்கவே, இரண்டிற்கும் வேறுபாடு மறைந்தது. ஆடுவோர் அங்கிருந்திருப்பின் அவர்தம் காலடியே வேகத்திற்கு அணையாகியிருக்கும். கால்களுக்கெனப் பிறந்த இசை கைகளுக்காக ஓடியது. இதுவே அவ்விரவின் குறை.

கலைஞர்தம் திறமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் பாராட்டுக்கு ஏற்ப நடை மாறின் பண் எஞ்சும், மரபு எஞ்சாது. நடன ஆசிரியராகவும் விளங்கிய ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) தம் பண்களை அச்சேற்றினார். வாசிப்பையும் பதிவு செய்தார். அச்சையும் பதிவையும் ஒப்பிடுவார்க்கு, ஏடு விட்டுச்சென்றது எது என்பது புலனாகும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. செய்யுளை அசை பிரிப்பதோடு நில்லாது, வாய்விட்டு ஓதிக் காட்டும் தமிழாசிரியர்க்கு இவ்வுண்மை புதிதன்று.