போர்வையைத் தின்ன வந்த ஆடு

கவிஞர் ஆத்மாநாமைப் பற்றிய கட்டுரைகள் பல, அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்ட 1984 ஜூலை 6ஆம் நாளிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்திய ஆண்டில் அவர் ஒருமுறை முயன்று, காப்பாற்றப்பட்டு, வாழ்ந்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. கவிதைகளையெல்லாம் சாவின் முன்னறிவிப்பாகவே படிப்பது திறனாய்வாகாது. அவ்வாறு முயன்றவரைத் தண்டனைக்குரியவராக அன்றி, கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகக் கருதவேண்டும் என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் கண்ட இரக்கத்தை நம் விமரிசனம் இன்னும் காணவில்லை.

இல்லத்தில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வாழும் கஞ்சிக்கோட்டு அன்பர்கள், பிழைத்தவர்களை அறிய வைக்கம் முகம்மது பஷீரை நாடலாம். 'பாத்தும்மாயுடெ ஆடு' 1954இல், அவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற காலத்தில் எழுதப்பட்டது, 1959இல் வெளிவந்தது. பைத்தியத்துக்கு மருத்துவம் நடந்தபோது எழுதியது என்று முன்னுரையில் அவரே ஒளிக்காமல் சொல்கிறார். கதைப்பின்னல் இல்லை என்னும் குறை உண்மைதான். வீடு நிறைய மனிதர்கள், கோழிகள், பூனைகள். ஆளுக்கொரு பக்கம் அவரிடம் பணம் கேட்கிறார்கள்.

என் அலுவலக நண்பர் ஒருவர் அவ்வாறே ஒருமுறை முயன்று பிழைத்தவர். கடும் மனநோய்க்கு இன்றும் மருந்து உட்கொள்பவர். அந்நூலை அவரிடம் கொடுத்தபோது முன்னுரையையே நான் சுட்டிக்காட்டினேன். (என் பேதைமை!) ஒருநாள் பாலக்காட்டு ரயிலில், "முன்னுரை இருக்கட்டும் சார், அந்தப் போர்வையைப் பார்த்தீர்களா?" என்றார்.

ஆடு அவருடைய 'பால்யகால சகி'யைத் தின்கிறது, 'சப்தங்க'ளையும் தின்கிறது. போர்வையில் வாய் வைக்கும்போதுதான் பஷீர் பதறுகிறார். நூல்களுக்கு வேறு பிரதிகள் உண்டு, போர்வை ஒன்றே. நான் பல்லாண்டுகளாக இதை நகைச்சுவையென்றே படித்துவந்தேன். "எழுதினதெல்லாம் போகட்டும், இராத்திரி போர்த்திக்கொள்ள வேண்டுமே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் எனக்கும் அவ்வளவுதான் கவலை" என்றார் நண்பர்.

பித்துத்தான் மேதைமையைத் தந்தது என்பாரும் இவ்விடத்தில் தவறுகின்றனர். எழுதியவர் போர்வை வேண்டும் மனிதர், அவ்வளவே. 1962இல் நோய் மீண்டும் வந்தது. மீண்டும் தேறினார், எழுதினார், 1994 வரை வாழ்ந்தார். நண்பருக்கும் இருமுறை திரும்ப வந்தது. இருமுறையும் விடுப்பு முடிந்து வேலைக்கு வந்துவிட்டார்.

நான்கு மாதங்களாக நூல் அவரிடமே இருக்கிறது. நான் கேட்கவில்லை.