மல்லிகை: மாதமொரு வாசிப்பு
1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மாத இதழ் மல்லிகை. ஆசிரியர் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலாளி. ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய விருது பெற்ற சிறுகதையாளர். இதழைத் தாமே சுமந்து, தெருவில் கைக்குக் கை விற்றார். அட்டையில் சினிமா முகங்கள் இல்லை. எழுத்தாளர், கலைஞர் படங்கள்தான். கதைகளில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழ் கூச்சமின்றி நடமாடும். சிலவற்றில் முற்போக்குக் கொள்கை கதையை முந்திக்கொண்டு பேசிவிடும், அது குறைதான். உண்மையான ருசி ‘தூண்டில்’ பகுதியில். வாசகர் எதைக் கேட்டாலும் ஜீவா பூசி மெழுகாமல் பதில் சொல்வார். சில பதில்களில் சுயபுராணமும் எட்டிப்பார்க்கும். சிங்களக் கதைகளின் மொழிபெயர்ப்புகளும் வந்தன. 1990களில் இதழ் கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. 400 இதழ்களைக் கடந்து, 2012இல் நின்றது.