ருசி உள்ளே இருக்கிறது

ஆட்டில் எந்தப் பகுதி ருசி என்று யாராவது என்னைக் கேட்டால் தொடைக்கறி, நெஞ்செலும்பு என்று இழுக்க மாட்டேன். ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், குடல். அவ்வளவுதான். சதைக்கறிக்கு மசாலா தயவு வேண்டும். ஈரலுக்கு மிளகும் உப்பும் போதும். இளம் ஆட்டின் ஈரலைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, சூடு ஆறுவதற்குள் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். பல் படுவதற்கு முன்பே கரையத் தொடங்கும். ஒரு மெல்லிய இனிப்பு, அதற்குப் பின்னால் மிளகின் காரம். இதற்கு ஈடாக இன்னொன்றை நான் சாப்பிட்டதில்லை.

மதுரைப் பக்கத்தில் தீபாவளிக் காலை இட்லிக்குக் குடல் குழம்பு வைக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. கோயில் கிடாவெட்டில் அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருக்கும்போதே இலைக்கு வந்துவிடுவது ஈரலும் ரத்தப் பொரியலும்தான். இவ்வளவு பழக்கம் உள்ள ஊரிலும் "அதை யார் உட்கார்ந்து கழுவுறது?" என்று கேட்டு ஓட்டலோடு நிறுத்திக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. நல்ல ஓட்டல் குடலும் வீட்டுக் குடலுக்குக் கிட்டே வராது. வீட்டில் சுத்தமும் நம் கையில், தீயும் நம் கையில்.

சமைக்கிற சூட்சுமம் ஒன்றுதான். ஒவ்வொரு உறுப்பும் ஆட்டுக்குள் என்ன வேலை பார்த்தது என்று யோசியுங்கள். அடுப்பில் என்ன செய்வது என்பது தானாகப் புரியும். ஈரல் ஓடி உழைத்த தசை இல்லை. அதில் நார் மிகக் குறைவு. ஆகவே சட்டென்று வெந்துவிடும்; மேலும் வைத்தால் உள்ளிருக்கும் நீரெல்லாம் வெளியேறி இறுகிப்போகும். இரைப்பை வேறு ரகம். பொழுதெல்லாம் புல்லையும் தழையையும் புரட்டிய தடித்த சுவர் அது, கொலாஜன் என்கிற புரதம் நிறைந்தது. நின்று நிதானமாக வெந்தால்தான் அந்தக் கொலாஜன் இளகும். இதயம் பிறந்தது முதல் ஓயாமல் துடித்த தசை. பொடியாக நறுக்கி நேரம் கொடுத்து வேகவைக்க வேண்டும். நுரையீரலுக்குள் காற்று இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். அதைக் குக்கரில் தனியாக வேகவைத்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும்.

இவற்றில் இரைப்பையும் சிறுகுடலும் சேர்ந்த குடலுக்குத்தான் உழைப்பு அதிகம். எனக்கு அந்த உழைப்பே பிடிக்கும்.

கறிக்கடை பாய், "சுத்தம் பண்ணித் தரட்டுமாக்கா?" என்று கேட்பார். "மேலாப்புல அலசிக் குடுங்க பாய், மிச்சத்த நான் பார்த்துக்கறேன்" என்பேன். வீட்டுக்கு வந்ததும் கை பொறுக்காத சூட்டில் தண்ணீர். தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் ஆகாது. மேல்தோல் வெந்து ஒட்டிக்கொண்டால் பிறகு உரியவே உரியாது. இரைப்பையை அதில் முக்கி எடுத்து, கொஞ்சம் சுண்ணாம்பு தடவி, கத்தியின் முதுகால் சுரண்டினால் கறுப்பும் பழுப்புமான தோல் சுருண்டு சுருண்டு வரும். அடியில் வெள்ளை வெளேரென்று பளிச்சிடும் பாருங்கள், அதைப் பார்க்கையில் வருகிற திருப்திக்கு அளவே இல்லை! தேனடைக் கண்கள் மாதிரி குழி குழியாக இருக்கும் பகுதியில் ஒவ்வொரு குழியையும் தேய்க்க வேண்டும். ஏடு ஏடாக மடிந்த பகுதியில் ஒவ்வொரு ஏட்டையும் பிரித்து அலச வேண்டும். சோம்பேறித்தனம் பண்ணினால் குழம்பில் வாடை காட்டிக்கொடுத்துவிடும். சிறுகுடலின் ஒரு முனையைக் குழாயில் மாட்டித் தண்ணீரை ஓடவிட்டு, ஈர்க்குச்சியால் உள்புறம் வெளியே வரத் திருப்பிக் கழுவ வேண்டும். கடைசியாகக் கல் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து, அலசிய தண்ணீர் தெளிகிறவரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்.

பிறகு மஞ்சளும் தட்டிய இஞ்சியும் போட்டு ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். எங்கள் வீட்டில் இரைப்பையை விரல் நீளத்துக்கு நறுக்கி, அதன்மேல் சிறுகுடலைச் சுற்றி முடிச்சுப் போடுவோம். மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, வரமிளகாய் எல்லாவற்றையும் வறுத்துத் தேங்காயோடு அரைத்த மசாலா. இளங்குடல் என்றால் குக்கரில் ஏழெட்டு விசில், முற்றியது என்றால் இன்னும் கூட. பாதி வெந்ததும் ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு. மூடியைத் திறந்ததும் கிளம்பும் வாசனைக்குப் பக்கத்து வீட்டிலிருந்தும் விசாரணை வரும். மறுநாள் காலை ஆறிய குழம்பு கட்டித் தட்டிக் குலுங்கும். இளகி இறங்கிய கொலாஜன் செய்கிற வேலை அது. அதைச் சுடவைத்துத் தோசைக்கு ஊற்றினால், ஆகா! முதல் நாளை விட அதுதான் ஒரு படி மேல்.

ஈரலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. மேலே இருக்கும் மெல்லிய சவ்வை உரித்துவிட்டு, கட்டைவிரல் நகம் அளவுக்குத் துண்டு போடுங்கள். நல்லெண்ணெயில் சோம்பு, நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு. ஈரல் விழுந்ததும் தீயைக் கூட்டுங்கள். நிறம் மாறியதும் மூடி போட்டு ஐந்தாறு நிமிடம். ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்து, நடுவில் ரத்தம் கசியாமல் இருந்தால் இறக்கிவிடலாம். அப்போது இடித்த மிளகு, சீரகம், கடைசியாக உப்பு. கிட்னியை இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் வெள்ளைக் குழாய்களை வெட்டி எடுத்துவிட்டால் வாடை போய்விடும். மூளையை மஞ்சள் தண்ணீரில் மெல்ல வேகவைத்து, மேலிருக்கும் நரம்புச் சவ்வைப் பக்குவமாக நீக்கி, முட்டையும் மிளகும் சேர்த்துப் பிரட்டினால் வெண்ணெய் தோற்றுவிடும்.

சுவரொட்டியை மசாலாவில் போட்டுப் புரட்டாதீர்கள், தயவுசெய்து. தோசைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முழுதாகப் போட்டு, இருபுறமும் நன்றாக வேகவிட்டு, நறுக்கி மிளகும் உப்பும் தூவினால் போதும். ரத்தசோகை என்றாலும் பிரசவம் ஆன உடம்பு என்றாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது சுவரொட்டியைத்தான். அதில் இரும்புச்சத்து கொட்டிக்கிடக்கிறது. உடல் எளிதில் எடுத்துக்கொள்ளும் வகை இரும்பு.

ஈரலுக்கு நோபல் பரிசு வரலாறே இருக்கிறது. உயிரையே பறித்துக்கொண்டிருந்த ஒரு கடும் ரத்தசோகைக்கு, அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்து, அவர்கள் தேறியதை 1926இல் வெளியிட்டார்கள். ஈரல் ரத்தம் ஊறச் செய்கிறது என்று அதற்கு முன்பே நாய்களிடம் சோதித்துக் காட்டியிருந்தவர் ஜார்ஜ் விப்பிள். மூவருக்கும் சேர்த்து 1934இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த நோயாளிகளைக் காப்பாற்றிய பொருளான வைட்டமின் பி12ஐ ஈரலிலிருந்து பிரித்தெடுத்தது 1948இல்தான். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. கறிக்கடையில் கால் கிலோ கேட்டு வாங்குகிற ஈரலுக்குள் இப்படி ஒரு கதை!

ஒரு எச்சரிக்கை மட்டும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த உள்ளுறுப்புகள் ஆகாது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்களும் தினப்படி சாப்பாடாக்காமல் எப்போதாவது ருசிக்க வேண்டியவை இவை.

இதுவரை வீட்டில் செய்து பார்க்காதவர்கள் ஈரலில் ஆரம்பியுங்கள். கை பழகியதும் குடலுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் கடைக்குப் போய்விடுங்கள்; நேரம் ஆக ஆக இவையெல்லாம் முதலில் தீர்ந்துவிடும். சுவரொட்டி வேண்டுமென்றால் சனிக்கிழமையே பாயிடம் சொல்லி வையுங்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும்.